சூடானதும் நிற்கும் பழைய ஜீப்: பழுதைத் தேடுவதா, என்ஜினைப் பிரிப்பதா, டீசலுக்கு மாற்றுவதா?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகிவிட்ட பழைய வேலூர் மாவட்டத்தில், தோப்புக் கொட்டகைகளிலும் பழைய வீடுகளின் பின்கட்டிலும் மகிந்திரா சிஜே-3பி ஜீப்புகள் இன்னும் ஆங்காங்கே நிற்கின்றன. சில அரசுத் துறைகளின் ஏலத்தில் வந்தவை. சில தாத்தா காலத்தில் வாங்கிப் பேரன் கைக்கு வந்தவை. அவற்றை வீட்டிலேயே வைத்து மீட்டெடுக்கும் வாசகர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. காலையில் வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகிறது; ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஓடி என்ஜின் சூடேறியதும் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது; ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. ஒரு மெக்கானிக் என்ஜினை இறக்கிப் போர் அடிக்க (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) சொல்கிறார், இன்னொருவர் டீசல் என்ஜினைத் தூக்கி வைத்துவிடலாம் என்கிறார். மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது: என்ஜினைத் தொடாமல், பழுது எங்கே என்று பொறுமையாகத் தேடுவது. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

நான் பேசுவது ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜின் பொருத்திய சிஜே-3பி ஜீப்பைப் பற்றி. வில்லிஸ் நிறுவனம் அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை தயாரித்த இந்த மாதிரியை, உரிமம் பெற்ற மகிந்திரா அதற்குப் பிறகும் நெடுங்காலம் இங்கே கட்டியது. நான்கு சிலிண்டர், 2,199 சிசி. பெட்ரோல் கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வுகள் மேலே ஹெட்டிலும், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுகள் கீழே பிளாக்கிலும் அமைந்த எஃப்-ஹெட் வடிவம். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) சுமார் 79 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 111 மில்லிமீட்டர். இப்படி நீண்ட ஸ்ட்ரோக் இருப்பதால்தான் குறைந்த சுற்றிலேயே மேடேறும் வலு இந்த என்ஜினுக்கு இருக்கிறது. அதே காரணத்தால், வேகமாகச் சுழற்றி ஓட்டினால் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

எவற்றை வைத்து எடைபோடுவது

செலவு என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள் பாதி வழியில் மாட்டிக்கொள்கிறார்கள். என் கணிப்பில் ஐந்து அளவுகோல்கள் தேவை.

முதலாவது, பழுது இன்ன இடத்தில்தான் இருக்கிறது என்பதற்குச் சான்று கையில் இருக்கிறதா என்பது. இதை மற்ற நான்குக்கும் மேலாக வைக்கிறேன். ஏனென்றால், பெட்ரோல் வரும் பாதையில் கோளாறு இருக்கும் வண்டியில் என்ஜினைப் புதுப்பித்தால், புதுப்பித்த என்ஜினும் அதே இடத்தில் அதே மாதிரி நிற்கும். இரண்டாவது, பட்டறைக்காரர் சொல்லும் தொகையோடு அவர் சொல்லாமல் விடும் தொகையையும் சேர்த்த முழுச் செலவு. மூன்றாவது, ஆர்.சி. புத்தகமும் சட்டமும். நான்காவது, செய்த மாற்றத்தைத் திரும்பப் பெற முடியுமா என்பது. கழற்றிய கார்புரேட்டரைத் திரும்ப மாட்டலாம், அறுத்த கிராஸ் மெம்பரை (சேஸிஸின் குறுக்குச் சட்டத்தை) பழையபடி ஆக்க முடியாது. ஐந்தாவது, வண்டி எதற்குப் பயன்படப்போகிறது என்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அமிர்தி வரை போய்வரும் வண்டியின் தேவை வேறு, ஜவ்வாது மலையில் தினமும் மூட்டை ஏற்றும் வண்டியின் தேவை வேறு.

முடிவுக்கு முன் எடுக்க வேண்டிய அளவுகள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்று முதலில் வேண்டும். என்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலிலிருந்து, அதைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் கம்பியை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திறந்து வைத்து, நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் செல்ஃப் அடித்து ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் ஹரிக்கேன் என்ஜின் 120 முதல் 130 பிஎஸ்ஐ வரை காட்டும். மொத்த அளவு கொஞ்சம் குறைந்திருப்பதைவிட, சிலிண்டர்களுக்கிடையே 10 பிஎஸ்ஐக்கு மேல் வேறுபாடு இருப்பதே கவலைக்குரியது.

ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் அதில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வு சரியாக அமரவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்திருந்தால் அவற்றுக்கு இடையே ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரத்தில் தொடர்ந்து குமிழ் வருகிறதா என்று பார்த்தால் இந்தச் சந்தேகம் உறுதிப்படும். சூடான என்ஜினில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது.

இந்த அளவுகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்தவரோடு எந்தப் பட்டறையும் வேறு விதமாகத்தான் பேசும். எழுதி வைக்காதவர், மெக்கானிக் காதால் கேட்டுச் சொல்லும் தீர்ப்பை நம்பியே பணத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

முதல் வழி: என்ஜினை இறக்காமல் பழுதைத் தேடுவது

ஆறினால் ஓடுகிறது என்ற ஒரே செய்தியே பல சந்தேகங்களைக் கழித்துவிடுகிறது. தேய்ந்த பிஸ்டன் ஆறியதும் புதிதாகிவிடாது. வெப்பத்தில் மட்டும் தவறி, ஆறியதும் தன் நிலைக்குத் திரும்பும் பாகங்கள் சிலவே. அவற்றில் பெரும்பாலானவை என்ஜினுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

வண்டி நின்ற அந்த இடத்திலேயே, ஆறுவதற்குள் பார்த்துவிட வேண்டியவை மூன்று. முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்றை உள்ளிழுக்கும் ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பம்ப்பால் பெட்ரோலை இழுக்க முடியாமல் போகிறது. பெயிண்ட் அடிக்கும்போது இந்தத் துளை அடைபடுவது வீட்டில் மீட்டெடுக்கும் வண்டிகளில் சாதாரணம். அடுத்து ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் வாயைப் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் லிவரைக் கையால் அழுத்துங்கள். பெட்ரோல் பீச்சி அடித்தால் கார்புரேட்டரில் எரிபொருள் இருக்கிறது. மூன்றாவதாக, கார்புரேட்டர் பக்கமிருந்து விலகி, பெட்ரோல் எதுவும் சிந்தாத இடத்தில் ஒரு பிளக்கைப் பிளாக்கில் எர்த் படும்படி வைத்துச் செல்ஃப் அடித்து, பொறி நீலமாகப் பளிச்சென்று வருகிறதா, மஞ்சளாக நலிந்து வருகிறதா என்று பாருங்கள். தீயணைப்பான் ஒன்று பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

பெட்ரோல் இருந்து பொறி இல்லையென்றால் சந்தேகம் கண்டென்சர் (டிஸ்ட்ரிபியூட்டரோடு இணைந்த சிறு மின்தேக்கி) மீதும் காயில் மீதும் விழும். இரண்டுமே சூட்டில் செயலிழந்து ஆறியதும் வேலை செய்யும் குணமுள்ளவை. கண்டென்சர் விலை மிகக் குறைந்த பாகம் என்பதால் முதலில் அதை மாற்றிப் பார்ப்பதே முறை. காயில் கையை வைக்க முடியாத அளவு கொதித்தால், 6 வோல்ட்டுக்கான காயில் 12 வோல்ட்டில் ஓடுகிறதா, பேலஸ்ட் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் குறைக்கும் தடை) கேட்கும் காயிலை அது இல்லாமல் இணைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இந்த ஜீப்புகளில் தொடக்க கால வண்டிகள் 6 வோல்ட், பின்னால் வந்தவை 12 வோல்ட் என்பதால், கைமாறிக் கைமாறி வந்த வண்டியில் இந்தக் கலப்பு எளிதாக நேர்கிறது. பட்டறைகளில் டெல்கோ என்று சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே, மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் முனைகளின் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிளக் இடைவெளி 0.030 அங்குலம். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு தளர்ந்து ஆடினால் இந்த இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். எத்தனை முறை சரிசெய்தாலும் அந்த அளவு நிலைக்காது.

எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் உலோகத் தொடர்பு, பற்றித் தனியே சொல்ல வேண்டும். சேஸிஸைத் தேய்த்து, பிரைமரும் பெயிண்டும் அழகாக அடித்துமுடித்த வண்டிகளில், என்ஜினுக்கும் சேஸிஸுக்கும், பேட்டரிக்கும் சேஸிஸுக்கும் இடையே உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. நடுவில் பெயிண்ட் நிற்கிறது. எர்த் பட்டை பிடிக்கும் இடங்களில் பெயிண்டைச் சுரண்டி, வெற்று உலோகத்தில் இறுக்கி, அதன் மேல் கிரீஸ் தடவினால், செல்ஃப் மந்தமும் பொறி நலிவும் பல வண்டிகளில் அன்றே போய்விடுகின்றன.

பொறி இருந்து பெட்ரோல் இல்லையென்றால் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை தேட வேண்டும். பல ஆண்டுகள் நின்ற டேங்கில் துரு இருக்கும். ஓடும்போது குலுங்கி வந்து குழாயின் வாயை அடைக்கும், நின்றதும் அடியில் இறங்கிவிடும். வெளியே நன்றாகத் தெரியும் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊறிப் பிரிந்து சுருங்கியிருக்கும். இந்த என்ஜினில் பெட்ரோல் பம்ப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால், வேலூரின் சித்திரை வெயிலில் போக்குவரத்தில் நின்று நின்று போகும்போது குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது எதிர்பார்க்கக்கூடியதே. ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் போட்டதும் வண்டி ஓடினால் காரணம் இதுதான். குழாயை மேனிஃபோல்டிலிருந்து விலக்கி வளைத்து, நடுவே ஒரு தகரத் தடுப்பு வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எத்தனால் பம்ப்புக்குள் இருக்கும் பழைய ரப்பர் டயஃப்ரத்தையும் ஹோஸையும் ஊறவைத்துக் கெடுக்கிறது, டேங்கின் பழைய படிவுகளைக் கரைத்துக் கிளப்புகிறது, காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் பழைய ஜெட் துளையின் அளவுக்குக் கலவையை மெலிதாக்குகிறது. எத்தனால் தாங்கும் ஹோஸ், புதிய டயஃப்ரம், ஒரு படி பெரிய மெயின் ஜெட் என்பவை அவசியச் செலவாகிவிட்டன. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறவர்கள் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட்டு நிறுத்துவது நல்லது. இங்கே ஓர் எச்சரிக்கை: பம்ப் பழுது என்றதும் புதிய கார்களின் எலக்ட்ரிக் பம்ப்பை வாங்கி மாட்டுகிறார்கள். இந்தக் கார்புரேட்டரின் ஊசி சுமார் 3 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு அமைந்தது. அதைவிடப் பல மடங்கு அழுத்தம் வந்தால் கார்புரேட்டர் வழிந்து சூடான மேனிஃபோல்டின் மேல் பெட்ரோல் கொட்டும்.

பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் இழுவை குறைந்தால், டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளியை) பாருங்கள். குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.018 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.016 அங்குலம். இன்டேக்கை மேலே ராக்கர் கவரைத் திறந்தும், எக்ஸாஸ்டைப் பிளாக்கின் பக்கவாட்டு மூடியைத் திறந்தும் பார்க்க வேண்டும். பக்கவாட்டு மூடி எட்டாத இடத்தில் இருப்பதால் பலரும் மேலே மட்டும் சரிசெய்துவிட்டு விடுகிறார்கள். எக்ஸாஸ்ட் இடைவெளி குறைவாக இருந்தால், சூட்டில் வால்வுத் தண்டு நீண்டு, வால்வு முழுவதும் மூடாமல் கம்ப்ரஷன் போய்விடும். ஆறியதும் திரும்ப வரும். இதை அப்படியே விட்டு ஓட்டினால் வால்வு கருகும், அப்போது பழுது உண்மையிலேயே என்ஜினுக்குள் போய்விடும்.

ஓவர்ஹீட் ஆகிறது என்றால், நம் பகுதியில் நான் முதலில் கேட்பது ரேடியேட்டரில் எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்பதைத்தான். பாலாற்றுப் படுகையில், அதிலும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கங்களில், தோல் பதனிடும் கழிவு கலந்து நிலத்தடி நீரில் உப்பு மிகுந்திருப்பது ஊரறிந்தது. போர்வெல் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றிய ரேடியேட்டரின் செம்புக் குழாய்களிலும் பிளாக்கின் நீர்ப்பாதையிலும் உப்பு கல்லாகப் படிந்துவிடும். ரேடியேட்டர் கடையில் மேல்தொட்டியைப் பிரித்துக் குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, பிளாக்கையும் அலசி, பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரோடு செம்பு–பித்தளை ரேடியேட்டருக்கு ஒத்த கூலன்ட் கலந்து ஊற்ற வேண்டும்.

கடைசியாக, என்ஜினே காரணமில்லாத இழுவைக் குறைவு. இந்த வண்டியில் என்ஜின் வலுவை இரு அச்சுகளுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் லிவர் முழுவதும் விடுபடாமல் தார்ச்சாலையில் ஓட்டினாலோ, முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் போட்டு ஃபோர் வீலில் ஓட்டினாலோ, அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கி என்ஜினை அமுக்கும். அதேபோல் பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் சிறு துளை அடைத்தால், சூட்டில் விரிந்த எண்ணெய் திரும்ப இடமின்றிப் பிரேக்கைத் தானாகப் பிடிக்கும். வண்டி நின்ற உடன் நான்கு டிரம்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனாலே எது கொதிக்கிறது என்று தெரியும். சமதளத்தில் நியூட்ரலில் தள்ளிப் பார்த்தால் மிச்சமும் தெரிந்துவிடும்.

இந்த வழியின் மறைசெலவு பணமல்ல, பொழுது. ஒரு நேரத்தில் ஒரே பாகத்தை மாற்றி, ஓட்டிப் பார்த்து, எழுதி வைத்து, அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரே நாளில் காயில், கண்டென்சர், பம்ப், கார்புரேட்டர் எல்லாவற்றையும் மாற்றுபவர் பழுதைக் கண்டுபிடிக்கவில்லை, மூடி மறைக்கிறார். சந்தையில் விற்கும் புதிய கண்டென்சரும் பாயிண்ட்டும் தரம் குறைந்தவையாக இருக்கலாம் என்பதால், ஓடிக்கொண்டிருந்த பழைய பாகத்தை எறியாமல் வைத்திருப்பதும் அவசியம்.

இரண்டாம் வழி: அதே என்ஜினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது

கம்ப்ரஷன் அளவு நான்கிலும் தாழ்ந்து, ஆயில் ஊற்றியதும் ஏறினால்; எக்ஸாஸ்டில் நீலப்புகை ஓயாமல் வந்தால்; சூடானபின் ஐட்லில் ஆயில் பிரஷர் ஊசி பூஜ்யத்தை ஒட்டிப் படுத்தால்; கீழே கிராங்க்கில் தட்டும் ஓசை கேட்டால், தயங்காமல் இறக்க வேண்டியதுதான். இந்த நிலையில் மேலோட்டமாக ரிங் மட்டும் மாற்றுவது பணத்தை இரண்டு முறை செலவழிக்கும் வழி.

செய்வதானால் வரிசை முக்கியம். பிளாக்கைக் கழுவியதும், போர் அடிப்பதற்கு முன்பே, எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் இருக்கிறதா என்று சாயம் ஊற்றிப் பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்ல வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே இருப்பதால் அந்த மெல்லிய இடம் அதிக வெப்பத்தைச் சுமக்கிறது. பிஸ்டன் செட்டை முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் அளவுக்குப் போர் அடிக்க வேண்டும். போர் அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடி அலைபவர்களைப் பார்க்கிறேன். கனெக்டிங் ராடு மூடிகளும் டேப்பட்டுகளும் எந்த சிலிண்டரிலிருந்து வந்தனவோ அதற்கே திரும்பப் போக வேண்டும் என்பதால் எண்ணிட்டுத் தனித்தனி டப்பாவில் வைக்க வேண்டும்.

பட்டறை மதிப்பீட்டில் பெரும்பாலும் வராதவை: கிராங்க் கிரைண்டிங், அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங், ஆயில் பம்ப், டைமிங் கியர், கிளட்ச் பிளேட், ஃபிளைவீல் ரிங் கியர், பின்பக்க ஆயில் சீல். என்ஜின் கீழே இருக்கும்போதே கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் கண்ணில் படும். நடுத்தண்டும் அதன் வாஷர்களும் தேய்ந்திருப்பது தெரியவரும். அதையும் சேர்த்தே செய்துவிடலாம் என்று மனம் சொல்லும். அந்த ஆசை நியாயமானதுதான், ஆனால் அதற்கான தொகையை முதலிலேயே ஒதுக்கிவைக்காதவர்களின் வண்டிதான் பிரித்த நிலையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த கொட்டகையில் கிடக்கும் பிளாக்கில் போர் துருப்பிடிக்க ஒரு வாரம் போதும். ஆயில் பூசிப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி வைக்க வேண்டும்.

புதுப்பித்தபின் பழைய ரேடியேட்டரையும் பழைய டேங்கையும் அப்படியே மாட்டினால் இரண்டாம் வழி வீண். முதல் வழியில் சொன்னவற்றைச் செய்யாமல் இரண்டாம் வழி முழுமையடைவதில்லை என்பதே அதன் பெரிய மறைசெலவு.

பழைய பாகச் சந்தையிலிருந்து, சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடத்திலிருந்து, வேறொரு ஹரிக்கேன் என்ஜினை வாங்கி மாட்டலாமா என்றும் கேட்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத என்ஜினுக்கும் இதே செலவு காத்திருக்கும், என்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்தாது. சொந்தப் பிளாக் விரிசல் விட்டிருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம்.

மூன்றாம் வழி: டீசல் என்ஜினுக்கு மாற்றுவது

இந்த வழியைச் சொல்லும் மெக்கானிக்குகளைக் குறை சொல்ல மாட்டேன். மகிந்திராவின் எம்டிஐ டீசலும் 2,112 சிசி பூஜோ டீசலும் நம் ஊர்ப் பட்டறைகளுக்குக் கைவந்தவை, உதிரிபாகம் எளிதில் கிடைக்கும், பாயிண்ட், கண்டென்சர், காயில், கார்புரேட்டர் என்ற தொல்லைகள் எதுவும் இல்லை, எரிபொருள் மிச்சமாகும், தண்ணீரில் இறங்கினாலும் பொறி நனைந்து நிற்காது. தினமும் பாரத்தோடு மலையேறும் வண்டிக்கு இவை பெரிய நன்மைகள்.

ஆனால் என்ஜின் விலை தொடக்கம் மட்டுமே. பெல் ஹவுசிங்கோ முழுக் கியர் பாக்ஸோ மாற வேண்டும். மவுண்ட் வெல்டிங், கிராஸ் மெம்பர் மாற்றம், புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம், ரேடியேட்டர், சைலன்சர் குழாய், பெரிய பேட்டரி எனப் பட்டியல் நீளும். டீசல் என்ஜின் எடை கூடியது என்பதால் முன் ஸ்பிரிங் பட்டைகள் தாழ்ந்து ஸ்டியரிங் கனக்கும். பழைய சிறு டிரம் பிரேக் அந்த எடைக்காக அமைந்ததல்ல. அச்சு விகிதம் 5.38 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்ற வேண்டும்) என்பதால், அதிகச் சுற்றுக்கு ஏறாத டீசலில் வேகம் பெட்ரோலைவிடக் குறையலாம். அதற்காகப் பின் அச்சை மட்டும் வேறு விகிதத்துக்கு மாற்றுபவர்கள் ஃபோர் வீலை நிரந்தரமாக இழக்கிறார்கள். முன்னும் பின்னும் வேறு விகிதம் இருக்க லிவரைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும்.

சட்டப் பக்கம் இன்னும் கனமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்களோடு பொருந்தாதபடி வண்டியை மாற்றக் கூடாது; எரிபொருள் வகை மாறும் வேலைக்குப் பதிவு அதிகாரியின் முன் அனுமதி தேவை. மாட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு, விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்குமா என்பதே ஐயம்.

அதோடு, 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனப் பதிவு சேர்க்கப்பட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் பேணப்பட்ட இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு அது பொருந்தும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடியாகும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவெண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம், அன்றாடப் போக்குவரத்துக்கு எடுக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு எல்லோருக்கும் பிடிக்காது. இருந்தாலும், 1960களின் ஜீப்பில் டீசலை வைத்த நாளிலேயே இந்தக் கதவு மூடிவிடுகிறது என்பதை அறிந்தபின் முடிவெடுப்பதுதான் நியாயம்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | பழுதைத் தேடுதல் | என்ஜின் புதுப்பித்தல் | டீசல் மாற்றம் |
|---|---|---|---|
| தேவையான சான்று | ஏதுமில்லை. இதுவே சான்று தரும் | தாழ்ந்த கம்ப்ரஷன், ஆயில் பிரஷர், கிராங்க் ஓசை | அசல் பிளாக் மீட்க முடியாது என்ற உறுதி |
| வெளிச்செலவு | மிகக் குறைவு | அதிகம் | அதிகம் |
| மறைசெலவு | பொழுது, தரமற்ற புதிய பாகங்கள் | கிளட்ச், கிராங்க், கியர் பாக்ஸ் எனத் தொடர்வது | மவுண்ட், பட்டை, பிரேக், அச்சு, அனுமதி |
| ஆர்.சி. | மாற்றமில்லை | அதே பிளாக் எனில் மாற்றமில்லை | முன் அனுமதி தேவை. விண்டேஜ் தகுதி போகும் |
| திரும்பப் பெறுதல் | முழுதாக முடியும் | தேவையே இல்லை | ஏறத்தாழ முடியாது |
| ஏற்ற பயன்பாடு | எல்லாம் | நெடுநாள் வைத்திருக்க, பேரணிக்கு | தினசரிப் பாரம், மலைப்பாதை |

எந்த நிலையில் எது

கம்ப்ரஷன் நன்றாக இருந்து வண்டி சூட்டில் மட்டும் நிற்கிறது என்றால் முதல் வழியைத் தவிர வேறொன்றையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தேடி முடித்தபின் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஒரு கோடைப் பிற்பகலில் ஏற்றிப் பாருங்கள். மெதுவான வேகம், தாழ்ந்த கியர், முழுப் பாரம், வெயில் நான்கும் அங்கே சேர்வதால், மிச்சமிருக்கும் பழுது ஏதாவது இருந்தால் வெளியே வந்துவிடும்.

கம்ப்ரஷன் போய், ஆனால் பிளாக் விரிசலின்றி இருந்து, ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணே பிளாக்கிலும் இருந்தால் இரண்டாம் வழி. எண் பொருந்தும் அசல் பிளாக் ஒன்றைக் காயலான் கடைக்குப் போடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் காட்சி. உடனே பணம் இல்லையென்றால் ஆயில் பூசி மூடி வைத்துவிட்டு அடுத்த ஆண்டு செய்யலாம். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகளோடு ஓட வேண்டும் என்பதற்காக டீசலை நினைப்பவர்கள், அந்த வேலைக்கு இந்தக் குட்டை வண்டியே பொருத்தமில்லை என்பதைப் பார்க்க வேண்டும். அச்சும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் அந்த வேகத்துக்கு அமைந்தவை அல்ல, என்ஜின் மாற்றத்தால் அவை மாறுவதில்லை.

மூன்றாம் வழி நியாயமாகும் இடம் இரண்டு. அசல் என்ஜின் ஏற்கெனவே காணாமல்போய், வெறும் சேஸிஸாகக் கிடைத்த வண்டி ஒன்று. முன்பிருந்த உரிமையாளரே டீசல் வைத்து, ஆர்.சி.யிலும் டீசல் என்று முறையாகப் பதிந்திருக்கும் வண்டி மற்றொன்று. இரண்டாவது வகையில், அசலுக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசையில் ஹரிக்கேன் என்ஜினைத் தேடிக் கிளம்பும் முன், ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் எரிபொருள் வகையும் என்ஜின் எண்ணும் என்னவாகப் பதிந்திருக்கின்றன, அவற்றைத் திரும்ப மாற்ற என்ன படிவமும் சோதனையும் கேட்பார்கள் என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்ரோலுக்குத் திரும்புவதும் சட்டத்தின் பார்வையில் ஒரு மாற்றமே. அதற்கும் அதே 52ஆம் பிரிவின் அனுமதி வேண்டும்.